லேபிள் வெட்டிய சட்டைகள்

கோர்ட்டுக் காகிதம் வந்த திங்கட்கிழமை காலையில் அந்த அறையில் இருந்தவர்கள்: சிட்டு டிவி என்ற உள்ளூர் கேபிள் சேனலின் சொந்தக்காரர் கன்னையன், பனியன் கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்த அவர் மனைவி குழந்தையம்மாள், கம்பத்தில் ஏறி லைன் இழுக்கும் உசிலம்பட்டிக்கார ராமர், அதுவரை செக் திரும்பி வந்த வழக்குகளைத் தவிர வேறெதையும் தொடாத வக்கீல் சிவசுப்பிரமணியம், அப்புறம் நான்.

நான் படத்துக்கு அடியில் ஓடும் எழுத்துகளை டைப் அடிக்கிறவன். ஓவர்லாக் டைலர் உடனடித் தேவை. செவலைக் கிடாரி காணவில்லை. கண்ணீர் அஞ்சலி. அதற்கு முன் நான்கு வருஷம் நிட்டிங் மெஷினில் நைட் ஷிப்ட் பார்த்தேன். ஒரு நாள் டீ குடிக்க வெளியே வந்தவன் திரும்பி உள்ளே போகவில்லை. என்னைப் பற்றி அவ்வளவு போதும்.

அறை திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறைக்கு மேலே இருந்தது. கீழே நாளெல்லாம் தட்டுவார்கள். சத்தம் உள்ளே வராமலிருக்கப் பல்லடம் கோழிப்பண்ணையிலிருந்து முட்டை அட்டைகளை வாங்கிவந்து சுவர் முழுக்க ஒட்டியிருந்தார் கன்னையன். சத்தம் வரத்தான் செய்தது. ஆடி மாதம் வேறு. காற்று ஓட்டைக் கழற்றிக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. ஜன்னலைச் சாத்தினால் வேர்த்தது, திறந்தால் காகிதம் பறந்தது. வக்கீல் காகிதத்தின் மேல் தன் செல்போனை வைத்து அழுத்திக்கொண்டு படித்தார்.

“என்னதானுங்க போட்டிருக்குது?” என்றார் கன்னையன் மூன்றாவது தடவையாக.

“சென்னைல ஒரு கம்பெனிங்க. சிட்டுன்னு செல்போன் விக்கறாங்கல்ல, அவிய. இனி போன்லயே டிவி பாக்கற மாதிரி கொண்டாறாங்களாம். சிட்டுங்கற பேர ரெண்டாயிரத்தி அஞ்சுல ரிஜிஸ்டர் பண்ணிட்டாங்க. போனுக்கும் டிவிக்கும் சேத்தி. நீங்க சிட்டு டிவின்னு ஓட்டறதால ஜனங்க கொழம்பறாங்களாம். பேர எடுக்கோணும், போர்ட எடுக்கோணும், பேர் போட்ட கேசட்டு, நோட்டீசு எல்லாத்தையும் ஒப்படைக்கோணும்.”

“யாருங்க கொழம்புனது? நாந்தானுங்க கொழம்பிப்போயிக் கெடக்கறேன்.”

அதில் உண்மை இருந்தது. ஆறு மாசமாக, கெட்டுப்போன சிட்டு போனை எடுத்துக்கொண்டு ஆட்கள் எங்கள் மாடிப்படி ஏறிவந்தார்கள். பட்டன் அமுங்கவில்லை, சார்ஜ் நிற்கவில்லை. ஒரு கிழவர் கன்னையன் சட்டையைப் பிடித்தே இழுத்தார். பொறுக்க முடியாமல் கன்னையன் சொல்ல, நான்தான் டைப் அடித்து ஓட்டினேன்: ‘சிட்டு டிவிக்கும் சிட்டு செல்போனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. போன் கெட்டுப்போனால் இங்கே வராதீர்கள்.’ பத்து நாள், கால் மணிக்கு ஒரு தடவை ஓடியது. எவனோ அதைப் படம் பிடித்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டான். அந்தப் படமும் காகிதத்தோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. என்னுடைய எழுத்து முதன்முதலாக அச்சில் வந்தது அப்படித்தான்.

“அந்தப் பேரு எனக்கு வெச்ச பேருங்க,” என்றார் கன்னையன். “பதினெட்டு வயசுல பவர் டேபிள்ல தைக்க உக்காந்தேன். நான் ஒரு டசன் அடிச்சு எறியறப்ப பக்கத்து மெஷின்காரன் அரை டசன்தான் அடிச்சிருப்பான். அப்ப கூப்புட்டாங்க சிட்டுன்னு. அந்தக் கம்பெனிக்காரன் அன்னைக்கி டவுசர்கூடப் போட்டிருக்க மாட்டான்.”

“அதையெல்லாம் கோர்ட்ல சொல்ல முடியாதுங்க. ஒண்ணே ஒண்ணு இருக்குது. ரெண்டாயிரத்தி அஞ்சுக்கு முன்னாடியே நாம இந்தப் பேர்ல ஓட்டிட்டு இருந்தோம்னு காட்டுனா, அவங்க ரிஜிஸ்டர் பண்ணியிருந்தாலும் நம்மளத் தொட முடியாது. சட்டத்துல அப்புடி எடமிருக்கு. எப்ப ஆரம்பிச்சீங்க?”

“ரெண்டாயிரத்தி ஒண்ணு. ஆடிப் பதினெட்டு.”

“அதுக்கு அத்தாச்சி?”

கன்னையன் எழுந்து பீரோவைத் திறந்தார். போஸ்ட் ஆபீஸில் கேபிளுக்குப் பதிந்த சீட்டு கன்னையன் என்ற பேரில் இருந்தது. சிட்டு என்று ஒரு எழுத்து அதில் இல்லை. பழைய கேசட்டுகளை அழித்து அடுத்த வருஷத்துத் தேரைப் பதிந்து, அதையும் அழித்து அதற்கடுத்த வருஷத்துக் கல்யாணத்தைப் பதிந்திருந்தார்கள். ஆரம்ப நாளில் வீடுவீடாகக் கொடுத்த நோட்டீஸ் ஒன்று கிடைத்தது. மஞ்சள் காகிதம், நடுவில் குருவி. வக்கீலின் முகம் மலர்ந்தது. அப்புறம் வாங்கிப் படித்தார். ‘இன்று முதல்’ என்று போட்டிருந்தது. தேதி இல்லை.

“இன்று முதல்னா என்னைக்குங்க?” என்றார் வக்கீல்.

கன்னையன் நோட்டீஸைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். கீழே தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ராமர்தான் சொன்னார். “ஏண்ணே, சட்டை குடுத்தோம்ல. காலர் வச்ச டீ சர்ட்டு. முதுகுல குருவி போட்டு. இருநூறு பேருக்குக் குடுத்தமே. ஒண்ணை நான் மூணு வருசம் போட்டுக் கிழிச்சேன்.”

இந்த ஊரில் எது தொடங்கினாலும் சட்டை அடித்துக் கொடுப்பார்கள். கட்சிக்கு, கபடிக்கு, காது குத்துக்கு. அந்த இருநூறும் குழந்தையம்மாள் வேலை பார்த்த கம்பெனியில் ஜெர்மன்காரன் ஆர்டரில் மிஞ்சிய பீஸ்கள். முதலாளி கொடுத்தார், பிரிண்டிங் பட்டறையில் குருவியையும் பெயரையும் அடித்துக்கொண்டார்கள்.

வக்கீல் நிமிர்ந்தார். “சட்டைல வருஷம் இருக்குங்களா?”

“சைடு லேபிள்ல இருக்கும்,” என்றாள் குழந்தையம்மாள். தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். “உள்பக்கம், இடுப்புக்கிட்ட தெச்சிருப்பாங்க. எப்படித் தொவைக்கறதுன்னு போட்டு, கீழ ஆர்டர் நம்பரும் மாசமும் வருஷமும் போட்டிருக்கும்.”

“அப்பறமென்னங்க அம்மிணி! அந்த நம்பருக்குக் கம்பெனில பேப்பர் இருக்கும். சட்டையும் பேப்பரும் போதும். ஒரே ஒரு சட்டை குடுங்க.”

“லேபிள் இல்லீங்க.”

“ஏனுங்க?”

“நான் வெட்டிட்டேன்.”

சென்னையிலோ வேறெங்கோ இருப்பவர்களுக்கு இது புரியாது. வெளிநாட்டு ஆர்டரில் மிஞ்சியது உள்ளூருக்குள் போவதானால் கழுத்து லேபிள், இடுப்பு லேபிள் எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும். ஆர்டர் கொடுத்தவன் பெயரோடு ஒரு பீஸ் ரோட்டில் திரிந்து அவன் கண்ணில் பட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது. திருப்பூரில் பத்து வயசுப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். குழந்தையம்மாள் தைத்து வந்த பீஸ்களில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் இருக்கிறவள். அந்த இருநூறையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டு நடையில் போட்டு, நூல் வெட்டும் டிரிம்மரால் அவளே வெட்டினாள்.

“இருநூறுல ஒண்ணையாவது உட்டிருப்பயில்ல புள்ள?” என்றார் கன்னையன்.

“உட்டிருக்க மாட்டேன்.”

“ஒண்ணு?”

“எம்பட கை தாண்டிப் போவாதுங்க.”

அதை அவள் பெருமையாகத்தான் எப்போதும் சொல்வாள். அன்றைக்கு அப்படிக் கேட்கவில்லை.

வக்கீல் கிளம்பும்போது சொன்னார். “வெள்ளிக்கிழமை விசாரணை. வியாழக்கிழமை காலைல ஒம்பது மணி வண்டிக்கு நான் போவோணும். அதுக்குள்ள லேபிளோட ஒண்ணு கெடச்சா பேர் நிக்கும். இல்லீனா அன்னைக்கே தடை போட்டுருவாங்க. அப்பறம் கேஸ் நடக்கும், ஒரு அஞ்சாறு வருஷம். அதுவரைக்கும் வேற பேர்ல ஓட்டிக்குங்க.”

“வேற பேர்லயா,” என்றார் கன்னையன். “செத்துப்போனதா நெனச்சுக்கச் சொல்றீங்க.”

செவ்வாய், புதன் இரண்டு நாளும் நானும் ராமரும் மொபெட்டில் சட்டை தேடினோம். எதிர்க்காற்றில் வண்டி நகரவில்லை. இறங்கித் தள்ளினால் காற்று எங்களைத் தள்ளியது. கண்ணெல்லாம் மண்.

முதல் சட்டை எங்கள் கீழ்ப் பட்டறையிலேயே இருந்தது. குடம் துலக்குகிறவர் அதைக் கைத்துணியாக வைத்திருந்தார். குருவியின் தலை மட்டும் மிச்சம். ராமர் அதை உள்பக்கம் திருப்பி இடுப்பருகே தடவினார். லேபிள் இருந்த இடத்தில் தையலுக்குள் ஒரு மில்லிமீட்டர் வெள்ளை விளிம்பு, மழித்த தாடை மாதிரி.

“ஒரு நூல் மிச்சம் வைக்கல பாரு,” என்றார் ராமர். “இந்த அக்கா கையில கத்திரியக் குடுத்தவன் எவன்டா?”

பல்லடம் ரோட்டில் கோழிப்பண்ணையில் ஒருவர் போட்டுக்கொண்டே தீவனம் அள்ளிக்கொண்டிருந்தார். கேட்டதும் கழற்றிக் கொடுத்தார். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தோம். “ஏனுங்க, பிரைஸ் எதாச்சும் உளுந்திருக்குதுங்களா?” என்று கேட்டார். இல்லை என்றோம். போட்டுக்கொண்டார். ராமரின் தெருவில் அவருடைய சித்தி ஒச்சாயி சட்டையைத் தலையணை உறையாக்கியிருந்தாள், பிரித்துக் காட்டினாள். “நல்லாத் தேய்டா, பூதம் வரும்,” என்றாள். காங்கேயம் போகிற வழியில் சோளக்காட்டில் ஒன்று குச்சியில் நின்றது. காற்றில் கைகள் இரண்டும் எங்களை வா வா என்று கூப்பிட்டன. ராமர் வேலி தாண்டிப் போய் அதன் இடுப்பைத் தூக்கிப் பார்த்ததை ரோட்டில் போன பஸ்ஸே எட்டிப் பார்த்தது.

“வெட்டியிருக்கு,” என்று அங்கிருந்தே கத்தினார்.

இரண்டு நாளில் பதினோரு சட்டைகள். பதினொன்றிலும் ஒரே மாதிரி வெட்டு. இவ்வளவு ஒழுங்காக ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. எரிச்சலாக இருந்தது.

புதன் சாயங்காலம் கன்னையன் வீட்டுக்குப் போனோம். லைன் வீடு, அறையும் சமையல்கட்டும். ஓரத்தில் தையல் மெஷின். குழந்தையம்மாள் அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்திருந்தாள். முடியெல்லாம் பஞ்சு. சேலைக்கு மேல் போட்டிருந்த ஆண்சட்டையைக் கழற்றி வாசலில் உதறினாள். பஞ்சுக்காகச் செக்கிங் பெண்கள் எல்லோருமே அப்படி ஒன்று போட்டுக்கொள்வார்கள். அடுப்பில் அரிசிம்பருப்புச் சோறு வைத்துவிட்டு வந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். சோறு வைக்கும் தட்டுக்கு அடியில் ஒரு வெள்ளை லேபிள் இருந்தது.

கன்னையன் எடுத்துப் பார்த்தார். ஜெர்மன் எழுத்து, துவைக்கும் தொட்டிப் படம், நம்பர், கீழே 05/2001.

“எங்க புடிச்ச?”

“லேபிளு, பட்டனு வெக்கற ஆக்சசரீஸ் ரூம்ல பழைய பொட்டில இதுல ஒரு ரோல் கெடக்குது. சாவி எங்கிட்டத்தான இருக்குது.”

“அதே ஆர்டரா?”

“அதேதானுங்க. அந்தச் சட்டைக்கு அடிச்ச லேபிள்தான்.”

“அப்ப இதுல பொய்யே இல்ல!” கன்னையன் துள்ளி எழுந்தார். “உண்மையான சட்டை, உண்மையான லேபிள், உண்மையான வருஷம். வெட்டுனத ஒட்டறோம், அவ்வளவுதான். தம்பி, நீயே சொல்லு, இதுல என்ன பொய்யி?”

நான் லேபிளை வாங்கி வருஷத்தைப் படித்தேன். ராமர் சிரித்தார். “பிரிச்சுத் தச்சா இருபது நிமிசம்ணே. அஞ்சாறு வருசக் கேசு முடிஞ்சுச்சு.”

கன்னையன் தன் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்தார். அவர் அதைப் போட்டதேயில்லை. கரண்ட் போயிருந்தது, அந்த வருஷம் எப்போது இருந்தது? ஜன்னலோரம் மெஷினை இழுத்துப் போட்டுக் குழந்தையம்மாள் உட்கார்ந்தாள். இடுப்புத் தையலை அரை விரல் நீளம் பிரித்தாள், லேபிளை மடித்து உள்ளே வைத்தாள், காலால் மிதித்து ஓட்டினாள். கன்னையன் வக்கீலுக்கு அப்போதே போன் போட்டார். வக்கீலின் குரல் எங்களுக்கும் கேட்டது.

“கெடச்சிருச்சுங்களா? எப்படின்னு நான் கேக்கலீங்க. அம்மிணி ஒரு கையெழுத்துப் போடோணும். செக்கிங்ல பதினாறு வருஷம் அனுபவம், இந்தச் சட்டைய நாந்தான் செக் பண்ணுனேன், அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்குதுன்னு. காலைல ஸ்டேஷனுக்குப் போற வழில எட்டரைக்கு ஊட்டுக்கு வர்றேன்.”

அவள் சட்டையை மெஷினிலிருந்து எடுத்தாள். மடியில் விரித்தாள். உள்பக்கம் திருப்பி, உள்ளங்கையைத் தையலின் மேல் மெதுவாக ஓட்டினாள். டேபிளில் அவள் அப்படித்தான் செய்வாள். கண்ணைவிடக் கை முன்னால் போகும். லேபிள் பக்கம் வந்ததும் கை நின்றது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“நூலு புதுசு,” என்றாள்.

“அதனால?”

“இந்தப் பக்கம் மஞ்சக் கட்டியிருக்குது. இது வெள்ள வெளேர்னு இருக்குது. அது அஞ்சு நூலு ஓவர்லாக். இது ஊட்டு மெஷின் ஒத்தத் தையல்.”

“கோர்ட்டுல என்ன செக்கிங் டேபிளா போட்டிருக்கான்? ஜட்ஜய்யா தடவிப் பாக்கப் போறாரா?”

“அவங்க பாக்க மாட்டாங்க.”

“அப்பறமென்ன?”

“நான் பாத்துட்டேனே.”

கன்னையனுக்கு முகம் கறுத்தது. “எத்தன பீஸ்ல ஓட்டைய மறைச்சு அனுப்பியிருப்பீங்க கம்பெனில. பெரிய அரிச்சந்திரன் ஊடு!”

“மொதலாளி அனுப்பியிருப்பாரு. நான் போட்டது ரிஜெக்ட்டுன்னா ரிஜெக்ட்டுத்தானுங்க. அப்பறம் அதத் தூக்கிப் பொட்டில போட்டுக்கறது அவிய பாடு. அதுல எங்கையெழுத்து இருக்காது.”

“என்ற பேரு போகுது புள்ள. ஊருல என்னய என்னான்னு கூப்புடுவாங்க? சிட்டுன்னா கன்னையன். அதயும் புடிங்கிட்டா நான் கம்பத்துல கம்பி கட்டறவன், அவ்வளவுதான்.”

“கம்பி கட்டுறவன் என்ன கேவலமா?” என்றார் ராமர்.

“நீ சும்மா இரு.”

“நீங்க மொதல்லயே தேதி போட்டு நோட்டீசு அடிச்சிருக்கோணும்,” என்றாள் அவள்.

“நீ வெட்டாம இருந்திருக்கோணும்!”

அது அவளைத் தாக்கியது. பார்த்தவுடன் தெரிந்தது. சட்டையில் வெட்டிய இடத்தின் மேல் விரலை வைத்தாள். “ஆமா,” என்றாள். “நாந்தான் வெட்டுனேன். வெட்டலைன்னு எப்படிங்க கையெழுத்துப் போடறது? ரோல்ல நம்பர் இருக்குது, ஒண்ணு கொறஞ்சாலும் தெரிஞ்சுரும். யாராச்சும் கம்பெனில வந்து கேட்டா டேபிள்ல பன்னெண்டு பொம்பளைங்க நிக்கறாளுக எங்கூட. எல்லாத்தயும் ஒரே நாள்ல வெளிய போன்னு சொல்லிருவாங்க.”

“யாரும் வர மாட்டாங்க.”

 அரிசிம்பருப்பு அடி பிடித்த வாசம் வந்தது. எழுந்து போனாள். தட்டில் போட்டு, நெய் ஊற்றி, எங்களுக்கும் கொடுத்தாள். “சாப்புடு கண்ணு,” என்றாள் என்னிடம். தீய்ந்த இடத்தைத் தான் வைத்துக்கொண்டாள். சாப்பிட்டோம். கன்னையன் சட்டையை மடித்து ஒரு மஞ்சள் பையில் போட்டு ஆணியில் மாட்டினார். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வியாழன் காலை எட்டே காலுக்கு நான் அங்கே போனபோது வாசலில் வக்கீலின் கார் நின்றது. எட்டரை என்றவர் முன்னாலேயே வந்துவிட்டார். அவர் டைப் அடித்த காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மஞ்சள் பை ஆணியில் தொங்கியது. கன்னையன் அதை எடுத்துக் கையை விட்டுப் பார்த்தார், வெளியே கவிழ்த்துப் பார்த்தார். ஒன்றுமில்லை.

“கொழந்தையம்மா எங்க?”

“அக்கா இப்பத்தான் கம்பெனிக்குப் போச்சுண்ணே,” என்றார் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ராமர். அவர் முகத்தைப் பார்த்தால் எல்லாம் தெரிந்தவர் மாதிரி இருந்தது. “சேலைக்கு மேல சட்டை போட்டுக்கிட்டு.”

“எந்தச் சட்டை?”

ராமர் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கன்னையன் என் மொபெட்டின் பின்னால் ஏறினார். “அமுக்கு தம்பி, அமுக்கு.” கம்பெனி ஒன்றரைக் கிலோமீட்டர். வழியெல்லாம் சோற்றுத் தூக்குப்போசியோடு நடந்து போகிற கூட்டம், ஆரன் அடிக்கிற கம்பெனி வேன்கள், சாக்கடையில் சிவப்புச் சாயம்.   எட்டரைக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு முதலாளி கார் தவிர எதற்கும் திறக்க மாட்டார்கள்.

நாங்கள் போனபோது கடைசிக் கூட்டம் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. அவளை முதுகிலிருந்து பார்த்தேன். ஜெர்மன்காரன் அளவுச் சட்டை, முழங்கால் வரை தொங்கியது. முதுகில் குருவி, அதற்குக் கீழே சிட்டு டிவி. ஏழு வருஷம் பெட்டியில் கிடந்ததால் நிறம் போகவேயில்லை.

“ஏ கொழந்தே!”

திரும்பினாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

“சட்டையக் கழட்டிக் குடு. வக்கீலு நிக்கறாரு. வண்டிக்கு நேரமாச்சு.”

அவள் சட்டையின் ஓரத்தைத் தூக்கி இடுப்புப் பக்கத்தை எங்களுக்குத் திருப்பிக் காட்டினாள். தையல் மூடியிருந்தது. லேபிள் இல்லை. மூடிய கையை விரித்தாள், உள்ளங்கையில் இருந்தது.

“இத எடுத்த எடத்துல வெச்சுட்டு வந்தர்றேன்,” என்றாள். “வக்கீலய்யாகிட்டச் சொல்லுங்க. சட்டை மட்டும் வேணும்னா சாயங்காலம் தொவைச்சுத் தர்றேன். நான் வெட்டுனதுன்னு எழுதச் சொல்லுங்க. அதுக்குக் கையெழுத்துப் போடறேன்.”

“அத எழுதுனாப் பேர் நிக்காது புள்ள.”

“தெரியுமுங்க.”

“அப்பறம் நான் என்னதான் பண்றது?”

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். சங்கு ஊதிவிட்டது. அது ஊதி முடிக்கிற வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முடிந்ததும் அவள் லேபிளை மறுபடி கைக்குள் மூடிக்கொண்டு திரும்பி நடந்தாள். பஞ்சு பறக்கிற வாசலை நோக்கி, மற்ற பெண்களுக்கு நடுவில், குருவி கொஞ்ச தூரம் தெரிந்தது.

கன்னையனின் சட்டைப் பையில் போன் அடித்தது. வக்கீலாக இருக்கும். அவர் எடுக்கவில்லை.

“ஓரமா நில்லுங்க சாமி,” என்றார் வாட்ச்மேன் சென்னியப்பன். இரும்புக் கேட்டைத் தோளால் தள்ளி மூடினார், நாதாங்கியைப் போட்டார், பூட்டை மாட்டிச் சாவியைத் திருப்பினார். பூட்டியதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.